பார்த்தீனியம் வந்த வழி

ஒரு களை எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும் தொழிலில், அது எப்போதும் பக்கத்து மனையிலிருந்துதான் வந்திருக்கும். தாவரவியலில் முதுகலை முடித்து, எண்பதுகளின் இறுதியில் தாம்பரம் வட்டாரத்தில் பார்த்தீனியம் பரவிய வழியைத் தேடும் ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். ஓராண்டுக்குள் வழியைக் கண்டுபிடித்தால் வேலை நீடிக்கும், இல்லையேல் வீடு. படிவம் நிரப்பியே பாதி ஆயுளைத் தொலைத்த நண்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

லாரி மண்

சேலையூரில் புது வீடு ஒன்றைச் சுற்றி ஒரே பார்த்தீனிய வெள்ளைப் பூ. பள்ளத்தை மேடாக்க அடித்த லாரி மண்ணில் விதை வந்திருக்க வேண்டும். மண் எந்த ஊருடையது என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் கேட்டை மெல்லச் சாத்தினார்.

"லாரிக்காரன் பேர எழுதிக்கோங்க மேடம். எங்க அட்ரஸ் மட்டும் வேணாம், பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம்."

பூங்கொத்து

தாம்பரம் ரயில் நிலைய வாசலில் பூ விற்கும் பெண், ரோஜாக்களுக்கு நடுவே பார்த்தீனியத்தைச் செருகிக் கட்டிக்கொண்டிருந்தார். தண்டவாள ஓரத்தில் பறித்ததாம். தோல் அரிக்கும், போகுமிடமெல்லாம் விதை உதிரும் என்று எச்சரித்தேன்.

"இன்னா மேடம், களை ஒழிப்புக் கூட்டத்துக்கு உங்க ஆபீசுல இத்தத்தானே வாங்கினு போனாங்க? அத்த கையில வாங்கின பெரியவருக்கு அரிக்கலியாமா?"

சுத்தமான நிலம்

கேளம்பாக்கத்துக்கு அப்பால் முனுசாமி என்பவரின் வேர்க்கடலை நிலத்தில் ஒரு செடிகூட இல்லை. மகிழ்ந்து, வாரந்தோறும் சென்று சரிபார்த்தோம். எங்கள் ஜீப் தாம்பரத்துக் களைக்காடுகளை மிதித்துவிட்டு, சக்கரச் சேற்றைக் கழுவாமல் நேரே அவர் வரப்போரம் போய் நிற்கும். மழைக்குப் பின் ஒரு நாள் சென்றபோது பார்த்தீனியம் முளைத்திருந்தது: இரண்டே வரிசை, நடுவில் சரியாக ஒரு ஜீப்பின் அகலம்.

"நீ வர்றதுக்கு மின்னாடி இத்த நான் பாத்ததே இல்லம்மா. வாராவாரம் வந்து இல்ல இல்லன்னு எழுதிகினு போன. இப்போ கீது, எழுதிக்கோ."

எழுதினேன். 'வந்த வழி' என்ற கட்டத்தில், 'எங்கள் ஜீப்' என்று. மேலதிகாரி இருமுறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்டுபிடிச்சிட்டீங்கம்மா, சந்தோஷம். இத காத்துன்னு மாத்திட்டீங்கன்னா அடுத்த வருஷமும் தேடலாம்."

நான் மாற்றவில்லை, ஆகவே மறு ஆண்டு அந்த ஜீப், என்னை ஏற்றாமலும் சக்கரத்தைக் கழுவாமலும், காற்றைத் தேடிப் புறப்பட்டது.