கண்ணை மூடிச் செய்த ஜெபம்

எங்கள் சபையில் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஆஸ்பத்திரி சந்திப்பு உண்டு. நோயாளிக்கு ஒரு பன்னும் ஒரு ஆரஞ்சும் கொடுத்து, கட்டில் பக்கத்தில் நின்று ஜெபம் செய்துவிட்டு வர வேண்டும். அதில் என் பங்கு பன் கூடையைத் தூக்குவது. பல வருஷமாகத் தூக்குகிறேன். கூடை வைத்திருப்பவனை யாரும் ஜெபம் பண்ணச் சொல்வதில்லை என்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

போன சாரல் சீசனில் இந்த ஏற்பாடு கெட்டது. வழக்கமாக ஜெபிக்கிற உபதேசியார், முந்தின நாள் ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டுத் தொண்டை கட்டிப் படுத்துவிட்டார். தென்காசியில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதும், கூட வந்த இரண்டு அக்காமாரில் மூத்தவர் என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டார். இன்றைக்கு என்னையே ஜெபிக்கச் சொன்னார்.

கல்யாண வீட்டில் நாலு பேரைச் சிரிக்க வைக்க எனக்கு வரும். சத்தமாக ஜெபிக்க மட்டும் வராது. எலும்பு முறிவு வார்டுக்குள் நுழைந்தபோது, பேசாமல் நானே ஒரு கட்டிலில் படுத்துவிடலாமா என்று யோசித்தேன். காலியாகவும் ஒன்று இருந்தது.

முதல் கட்டிலில் மேலகரத்துக்காரர். அறுபத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அசையக் கூடாது என்று காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மனைவி சாப்பாடு வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார். ஜெபம் பண்ணலாமா அண்ணாச்சி என்று கேட்டேன்.

"பண்ணுங்க தம்பி. சட்டுன்னு பண்ணிருங்க."

அந்த அவசரத்தை நான் ஆத்தும தாகம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் கையைப் பிடித்துக் கண்ணை இறுக மூடினேன். தொடங்குவதற்குத்தான் பயந்திருந்தேனே தவிர, முடிப்பதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. செங்கோட்டை மலைப்பாதையில் பிரேக் போன லாரி மாதிரி ஜெபம் இறங்கியது. உலகப் படைப்பில் தொடங்கி, ஆட்சியாளர்கள், அணைகள், அருவிகள், அருவியில் குளிப்போர், உபதேசியாரின் தொண்டை என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் அவர் "தம்பி, தம்பி" என்று முனகினார். உள்ளம் உருகிவிட்டார் என்று குரலை உயர்த்தினேன். கையை உருவப் பார்த்தார். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அக்காமார் ஆமென் போட்டார்கள்.

"தம்பி, கட்டிலுக்கு அடியில டப்பா இருக்கு. அத எடுங்க. ஒண்ணுக்கு முட்டுது."

"ஆமென்," என்றார்கள் அக்காமார்.

கண்ணைத் திறந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். நேற்று மனைவி வருவதற்குள் மெத்தை நனைந்துவிட்டது. எதிர்க் கட்டிலுக்குத் துணையிருக்க வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும் வந்துவிட்டது.

"இன்னைக்கும் அப்படி ஆயிரக்கூடாது தம்பி."

ஜெபம் முடிந்ததென்று அக்காமார் கூடையோடு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்தவருக்கு ஊசி போடுவதைப் பார்த்தே மயங்கி விழுந்த ஆள் நான். நர்ஸைத் தேடி ஓட என் கால் பாதி திரும்பியும் விட்டது. அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து டப்பாவை எடுத்தேன். எதிர்க் கட்டிலுக்குத் தெரியாமல் போர்வையை ஒரு கையால் திரை மாதிரி தூக்கிப் பிடித்து, மறு கையால் டப்பாவை உள்ளே வைத்தேன். அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இப்பமாவது கண்ணத் தொறங்க தம்பி. மெத்தையில ஊத்தப் போறிய."

திறந்தேன். மெத்தை தப்பியது. டப்பாவைக் கழிப்பறையில் கொட்டிக் கழுவும்போது எனக்கு முழங்கால் ஆடியது. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய பாடத்தை ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் நடத்துகிறவன் நான். அவருக்கு முழங்கால் ஆடியதா என்று அதில் இல்லை.

திரும்பி வந்தபோது மேலகரத்துக்காரரின் மனைவி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றார். அவர் எதையும் விடாமல் சொல்லியிருந்தார் போல. அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல், ஜெபம் எப்படி இருந்தது என்று அவரையே கேட்டார்.

"மொதல்ல பண்ணுனது எனக்கு ஒண்ணும் வெளங்கல. ரெண்டாவது பண்ணுனது நல்லாருந்துச்சு."

அந்த அம்மாவுக்கு மருந்துச் சீட்டோடு மறுபடியும் கீழே போக வேண்டியிருந்தது. "தண்ணி குடிக்கலன்னு டாக்டர் ஏசுதாவ. நான் சொன்னா எங்க கேக்காவ?" என்று என்னிடம் முறையிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"ஏட்டி, போவுறதுக்கு முன்னால ஒரு டம்ளர் தண்ணி ஊத்திக் குடு," என்றார் அவர். "தம்பி இங்கனதான இருக்காவ."

வாசலில் அக்காமார் கூடையோடு நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். இன்னும் பதினொரு கட்டில் பாக்கி. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் முழு டம்ளரையும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.