நிமிர்ந்தபோது வந்தவன்

சேலையூரில் நான் நடத்தும் செல்போன் சர்வீஸ் கடையில் ஒருநாள் காலை ஸ்டூலை விட்டு எழ முடியவில்லை. ஒருவருடைய போனைத் திறந்து போட்டிருந்தேன். எழப் பார்த்தபோது முதுகு அப்படியே பூட்டிக்கொண்டது. போன் கொடுத்தவரே என்னைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, பதினெட்டு வருடம் குனிந்தே உட்கார்ந்ததில் தசைகள் இறுகிவிட்டன என்றார். உண்மையில் நான் அதற்கும் முன்பே குனிந்தவன். பள்ளிக்கூடத்தில் உயரமானவர்களைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோளைக் குறுக்கி உட்காரப் பழகினேன். அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. இப்போது தொழுகையில் குனிந்தால் நிமிர முடியாமல், நாற்பத்தொரு வயதில் பள்ளிவாசலில் பெரியவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காரும் நிலைமை.

மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்த ஓய்வு யோகா வகுப்பை மனைவிதான் விசாரித்து வந்தாள். நடத்தியவர் முன்பு பிசியோதெரபிஸ்டாக இருந்தவர், ஏறக்குறைய என் வயதுதான். காலையில் ஆறு பேர் வருவோம். வளைத்து முறுக்கும் ஆசனம் எதுவும் கிடையாது. நெஞ்சுக்கு நேராக முதுகின் கீழே சுருட்டிய போர்வை, முழங்காலுக்கு அடியில் உருளைத் தலையணை, கண்மேல் ஒரு துணி. அப்படியே பத்து நிமிடம் கிடக்க வேண்டும். முதல் நாள் நான் வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"நீங்க ஒண்ணும் செய்யாதீங்க சார். போர்வை செய்யும்."

மூன்றாவது வாரம் அது செய்தது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் ஏதோ மெல்லப் பிரிந்தது. வலி இல்லை. ஆனால் உள்ளே யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தது போலிருந்தது. வகுப்பு முடிந்ததும் டீச்சர் சிரித்துக்கொண்டே, நான் தூக்கத்தில் விசில் அடித்தேன் என்றார். எனக்கு விசிலடிக்கத் தெரியாது என்றேன். தாடை தளர்ந்தால் பல் இடுக்கு வழியாகக் காற்று அப்படி வரும் என்று விளக்கினார். நானும் தலையாட்டினேன். வீட்டில் விசிலடித்துக்கொண்டே திரிந்தவன் என் அண்ணன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். இருபத்தாறு வயதில், ஐந்தே நாள் காய்ச்சலில் இறந்துபோனான். இந்தக் கடை அவன் ஆரம்பித்ததுதான். அவன் நின்றுகொண்டே வேலை பார்ப்பான், எப்போதும் விறைப்பாக. அவன் போன பிறகு நான் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் மனைவி என் பேண்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதாகச் சொன்னாள். துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்றேன். அதே வாரத்தில், கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், நான் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே கையிலிருந்த டம்ளரில் டீ வழிய வழிய ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும்தான் பாய்லரை மூடினார்.

"இன்னா பாய், ஒரு நிமிசம் உங்க அண்ணன் வந்துகினு கீறாருன்னே நெனச்சுட்டேன்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

எங்கள் வீடு கடப்பேரியில், மாடியில். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்கு வருவேன். அந்த நேரத்தில் மனைவி வேலைக்குப் போயிருப்பாள், அம்மா மட்டும்தான் இருப்பாள். அன்று நான் படியேறி வந்தபோது அம்மா அடுப்பங்கரையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"வந்துட்டியா பெரியவனே? கை கழுவிட்டு வா," என்றாள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அம்மா திரும்பினாள். என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சோறு போட்டாள். தட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது. அண்ணனுக்குப் பிடித்தது, எனக்குத் தொண்டையில் இறங்காது. பதினெட்டு வருடமாக அதை எங்கள் வீட்டில் போட்டதில்லை. ஆனால் அன்று வைத்தது நன்றாக ஊறிய பழைய ஊறுகாய். என்றைக்குப் போட்டாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளிலிருந்து என் காலடி ஓசை எனக்கே அந்நியமாகக் கேட்டது. முன்பெல்லாம் தேய்த்துத் தேய்த்து ஏறுவேன். இப்போது குதிகால் அழுந்த விழுந்தது. மத்தியான வெயிலில் படிக்கட்டுச் சுவரில் எனக்கு முன்னே ஏறிய நிழல் நேராக, நீளமாக இருந்தது. மேல்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தினமும் நின்றாள்.

நான் பயந்துபோனேன். வகுப்பை நிறுத்தினேன். தெருமுனையிலேயே தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, பழையபடி காலைத் தேய்த்து ஏறினேன். அம்மா மேல்படியில் நிற்பதை விட்டாள். என் முகத்தைப் பார்ப்பதையும் விட்டாள். மூன்றாவது வாரம் வலி திரும்பி வந்து, ஒரு மதியம் சாப்பாட்டுத் தட்டோடு என்னைத் தரையில் சாய்த்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வகுப்பில் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். சொன்னேன். போர்வையைச் சுருட்டி என் முதுகுக்குக் கீழே தள்ளினாள். காலுக்குத் தலையணை வைத்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான், ஏன் வகுப்பை நிறுத்தினேன் என்று அவளிடம் சொன்னேன்.

"எனக்குப் புத்தி மாறிப்போச்சுன்னு நெனச்சியா?" என்றாள். "மொத நாளு ஏமாந்துட்டேன். மறுநாள்லேர்ந்து நீதான்னு தெரியும்."

"அப்புறம் ஏம்மா படியில வந்து நின்னே?"

"கடைசி வளைவு வரைக்கும் உன் மூஞ்சி தெரியாதுல்ல. அது வரைக்கும் அவன் வருவான்." என் நெற்றியைத் தடவிக்கொண்டே, "இருபத்தாறு வயசோட நின்னுட்டான். இப்ப எப்படி இருக்கான்னு பாத்துக்கறேன். நீ குனிஞ்சிக்கினு வந்தா நான் எப்படிப் பாக்கறது?" என்றாள்.

முதுகு மெல்லத் தளர்ந்தது. பல் இடுக்கில் காற்று போவது எனக்கே கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், அவள் கை என் நெற்றியில் அப்படியே நின்றது. நான் வாயை மூடவில்லை.

அடுத்த வாரமே வகுப்புக்குத் திரும்பினேன். கடையில் ஸ்டூலை எடுத்துவிட்டு மேசையை உயர்த்திக்கொண்டேன். இப்போது நின்றுதான் வேலை பார்க்கிறேன். வலி அநேகமாகப் போய்விட்டது. பள்ளிவாசலில் நாற்காலி தேவைப்படவில்லை. பேண்ட்டுகளுக்கெல்லாம் மனைவி மடிப்பைப் பிரித்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை நான் மேல்படிக்கு வந்ததும் அம்மா கையை உயர்த்தி என் காதோரத்து முடியைத் தொட்டாள்.

"இவனுக்கும் நரைச்சிடுச்சு," என்றாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "ஆமாம்மா," என்றேன்.