மாடி டிவியில் வந்தவர்

என் தங்கையோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எந்தச் சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

நானும் தங்கை வீட்டுக்காரரும் கூட்டாக டிவி சர்வீஸ் கடை வைத்திருந்தோம். அன்றைக்கு அவர், "மச்சான், ஒரு வீட்டுல மாடி டிவிக்குப் படம் வரலையாம். நீங்க போயிட்டு வந்துடுங்க. எனக்கு உடம்பு முடியல" என்றார். ஆள் கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தார். சோம்பல் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வீட்டில் ஓர் அம்மாள் மட்டும்தான். அவருடைய கணவர் மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கீழே ஓடுகிற படம் மேலேயும் தெரியட்டும் என்று, ஒயர் இல்லாத ஜோடிப் பெட்டிகளை எங்கள் மாப்பிள்ளைதான் பொருத்தி, பட்டனை அமுக்கி ஜோடி சேர்த்திருந்தார். கீழ்ப் பெட்டி படத்தை அனுப்பும். மேல் பெட்டி அதை வாங்கி டிவிக்குக் கொடுக்கும். கணவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். மாடியை வாடகைக்கு விடப்போவதால் சரிசெய்யக் கூப்பிட்டிருக்கிறார்.

கீழே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போய் டிவியைப் போட்டேன்.

செய்தி வரவில்லை. ஓர் அறை வந்தது. ஒரு கட்டில். அதில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டுக் கேமராவின் சிக்னல் குறுக்கே விழுந்திருக்கும். இந்தப் பெட்டிகளில் அது சகஜம். சேனலை மாற்றினேன். அதே படம். பெட்டியை நகர்த்தி வைத்தேன். அதே படம்.

கீழே போய், அனுப்புகிற பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். மேலே வந்தேன்...

அவர் இருந்தார்.

அப்போதுதான் படத்தில் இருந்த ஜன்னலைக் கவனித்தேன். பச்சைத் திரை. ஓரத்தில் கிழிசல்.

தலையைத் தூக்கினேன். எதிரில் அதே திரை... அதே கிழிசல்.

அப்படியென்றால் கட்டில் என் பின்னால்.

திரும்பினேன். வெறும் கட்டில். மெத்தைகூட இல்லை.

கிரீச்...

உட்கார்ந்திருந்தவர் அசைந்தால் வருகிற சத்தம்.

போனை எடுத்தேன்.

"மாப்ள, இங்க வேற என்னமோ வருது. பிளக்கைப் பிடுங்கியும் நிக்கல."

"முகம் தெரியுதா?"

"இல்ல. முதுகுதான்."

"சரி. பிளக்கை மாட்டிட்டு ஜோடி சேர்க்குற பட்டனை அமுக்குங்க. நீங்களே அமுக்கணும் மச்சான். வேற யாரும் வேணாம்."

அமுக்கினேன். பளிச்சென்று செய்தி வந்தது. புது ஜோடி சேர்ந்தால் பழைய ஜோடி தானாகக் கழன்றுகொள்ளும். இந்தப் பெட்டிகளின் குணமே அதுதான்.

பாதி வழியில்தான் உறைத்தது. வண்டியை ஓரம் கட்டினேன். படத்தில் ஓர் ஆள் இருப்பதாக நான் சொல்லவே இல்லையே...

வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, டிவில ஒருத்தர் என்னையே பாத்துட்டு இருக்காரு."

நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பெட்டியே கிடையாது. அந்த வீடோ ஊரின் மறுகோடி. மனைவி வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. டிவி பக்கம் போகாதே என்று மகளிடம் சொல்லிவிட்டு, நான்கு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்கு ஓடினேன்.

மாப்பிள்ளை உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. தங்கைதான் வந்தாள்.

"ஒரு மாசமா எங்க வீட்டு டிவிலதான் இருந்தாருண்ணா. இன்னிக்கு மத்தியானம்தான் போனாரு."

"தெரிஞ்சேவா என்னை அனுப்பினான்?"

"எங்க வீட்டுக்காரர் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் உன்னை அனுப்பச் சொன்னேன். எங்களுக்குப் பச்சப்புள்ள இருக்கில்ல?"

எனக்கும் ஒருத்தி இருக்கிறாளே. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். ஊரான் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். கூடப்பிறந்தவளே கழுத்தை அறுத்துவிட்டாள்.

வாசல் வரை வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சமாதானம் சொன்னாள்.

"பயப்படாதண்ணா. முதுகைத்தானே காட்டுவாரு? எங்க வீட்டுல ஒரு நாளும் அவர் திரும்பிப் பாத்ததில்ல."

ஓடினேன்.

வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. டிவி ஓடவில்லை. கட்டிலில் என் மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்...

திரும்பவில்லை.