மணக்குடிப் பொழியில் மணல் அளக்கப் போனோம்

பள்ளிப் பிள்ளைகளை மணக்குடிப் பொழிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டு ஆசிரியைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். போகலாம். ஆனால் நான் முதல் தடவை போன கதையைக் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள்.

அது ஐம்பத்து மூன்றாம் வருடம், ஐப்பசி மாதம். அப்போது நம் ஊர் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. நான் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆறு கடலில் சேரும் இடத்தைப் பற்றி வருடாவருடம் கரும்பலகையில் படம் போடுவேனே தவிர, ஏழு மைல் தொலைவில் பழையாறு கடலில் விழும் மணக்குடிப் பொழியை நான் பார்த்ததில்லை. தீபாவளி விடுமுறையில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

என் அண்ணன் தங்கராஜ் தாலுகாவில் சர்வேயர். பொழியில் மணலும் சுண்ணாம்புச் சூளைக்குச் சிப்பியும் தோண்டக் குத்தகை விட்டிருந்தார்கள். குத்தகைக்காரர் எல்லை தாண்டித் தோண்டுகிறார், திட்டு தாழ்ந்துபோய்க் கடல் தண்ணீர் வயலுக்கு ஏறுகிறது, நாற்று கருகுகிறது என்று மேற்கே இருந்த விவசாயிகள் மனுப் போட்டிருந்தார்கள். எதுவரை தோண்டியிருக்கிறார்கள் என்று அளந்து, இனி எதுவரை தோண்டலாம் என்று கல் நாட்டுவது அண்ணனின் வேலை. அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல். கொடிக்கம்பு பிடிக்க நான் வருகிறேன் என்றேன்.

"ஏட்டி, அது பள்ளிக்கூடம் இல்ல. அங்க முன்னால போன சர்வேயருக்க சங்கிலியைத் தூக்கி ஆத்துல போட்டிருக்கானுவ" என்றார் அண்ணன்.

"அப்ப நீங்க தனியாப் போறதுக்கு நான் கூட வந்தா நல்லதுதானே?"

அண்ணன் சாப்பாட்டை இரண்டு பொதியாகக் கட்டச் சொன்னார். அவருக்கும் பயம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காலை ஆறரை மணி பஸ்ஸில் சுசீந்திரம். மூன்று மைல், ஆளுக்கு இரண்டணா. பாலத்தில் இறங்கியதும் ஆற்றைப் பாருங்கள். இதை எல்லாருக்கும் சொல்கிறேன். அன்று தண்ணீர் செம்மண் கரைத்த நிறத்தில், வாழைத் தண்டுகளையும் ஓலைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியது. எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துத்தான் கிடந்தது. ஆனால் தோவாளைப் பக்கம் மலைகள் தெரியவே இல்லை. பூகோளம் படித்த நான் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருக்கலாம். நானோ மாட்டுவண்டி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

வண்டி ஒன்றரை ரூபாய்க்குக் கிடைத்தது. அங்கிருந்து நாலு மைல். தென்னந்தோப்புகள் முடிந்து உப்பளங்கள் வந்தன. மழைக்காலம் ஆகையால் பாத்திகளில் உப்பு இல்லை, வெறும் சாம்பல் நிறத் தண்ணீர். வண்டிக்காரர் வழிநெடுக ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்தார். பொழியை அளக்கப் போகிறோம் என்று அண்ணன் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். மணக்குடி மாதா கோயில் தெரிந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல மாடு போவாது" என்றார். பாதை நன்றாகத்தான் இருந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடை. உள்ளே நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையில் சங்கிலியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சுக்குக்காப்பி கொடுத்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலி இழுக்க ஒரு ஆள் வேண்டும் என்று அண்ணன் கேட்டார். யாரும் அசையவில்லை. கடைசியில் வெளியே நின்ற சூசை என்ற வள்ளக்காரர், "நான் வாறேன் சாரே. எனக்க பொண்டாட்டியும் அங்கதான் மண்ணு சுமக்குகா" என்றார்.

அவருடைய வள்ளத்தில் ஆற்றோரமாகவே போய்ப் பொழியில் இறங்கினோம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பொழி என்பது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் அலை கொண்டுவந்து குவித்த மணல் திட்டு. ஒரு பக்கம் அசையாத ஆறு, மறு பக்கம் இடி மாதிரி விழும் அலை. இரண்டுக்கும் நடுவில் நடந்துபோகலாம். அன்று திட்டின் மேற்குக் கோடியில் மட்டும் சின்ன வாய் திறந்து ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது. கிழக்குக் கரையோடு திட்டு ஒட்டித்தான் இருந்தது. கிழக்குக் கரைக்கு அருகே ஆண்களும் பெண்களுமாக முப்பது பேருக்கு மேல் மணல் வாரிக் கடவம் என்ற ஓலைக் கூடையில் சுமந்து வள்ளங்களில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

குடை பிடித்த ஒருவர் எங்களை நோக்கி வந்தார். குத்தகைக்காரரின் மேஸ்திரி. பெயர் வேலப்பன். கொடிக்கம்பு பிடிக்க வந்த டீச்சர், தன் தங்கை என்று அண்ணன் என்னைக் காட்டினார்.

"சாரே, இண்ணைக்கு அளக்கண்டாம்."

"ஏன்?"

"மலையில மழை. வெள்ளம் வரவு கூடுதலா இருக்கு. நல்லதுக்காக்கும் சொல்லுகேன். ஒரு நாலு நாள் கழிஞ்சு வாருங்கோ."

"நாலு நாள் கழிச்சு வந்தா தோண்டினதை எல்லாம் மூடி நிரத்தி வச்சிருப்பீரு, இல்லையா?"

வேலப்பன் என்னைப் பார்த்தார். "டீச்சரையாவது கரையில நிறுத்துங்கோ" என்றார்.

அது மிரட்டல் என்றே நான் எடுத்துக்கொண்டேன். கொடிக்கம்பை இறுக்கிப் பிடித்தேன். வேலப்பன் திரும்பிப் போய்க் கையைத் தட்டினார். வேலை செய்த அத்தனை பேரும் கடவத்தைக் கவிழ்த்துவிட்டு, வள்ளங்களை இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டார்கள். சூசையின் மனைவியும் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவ்வளவு பெரிய திட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும். பகல் வெளிச்சத்தில் அப்படி ஒரு பயம் வரும் என்று நான் நினைத்ததில்லை. கரையில் தென்னைகளுக்கு நடுவே யாரோ ஒளிந்து பார்க்கிற மாதிரியே இருந்தது. அலைச் சத்தத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டாலும் கேட்கவில்லை.

அளவு தொடங்கினோம். அவர்கள் தோண்டிய இடம் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வாய்க்கால் போலத் திட்டுக்குள் வந்திருந்தது. அதில் இடுப்பளவு தண்ணீர். அதன் முனைக்கும் கடலுக்கும் நடுவே மீதி இருந்த மணலை அண்ணன் சங்கிலி போட்டு அளந்தார். முப்பத்தெட்டு அடி.

"இவனுவ திட்டைப் பாதி அறுத்து வச்சிருக்கானுவளே" என்றார் அண்ணன்.

அந்த முப்பத்தெட்டு அடி மணல் மேல்தான் நடந்து மேற்குப் பக்கம் போனோம். சூசை வள்ளத்தை அந்தக் குழியின் வாயருகே கட்டிவிட்டு வந்தார். மேற்கு வாய்வரை அளந்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மணலில் உட்கார்ந்து பொதியைப் பிரித்தோம். நான் இரண்டு கவளம்தான் சாப்பிட்டிருப்பேன். சூசை எழுந்து நின்றார்.

"சாரே, ஆறு ஏறுகு."

பார்த்தேன். காலையில் நாங்கள் இறங்கிய இடம் தண்ணீருக்குள் இருந்தது. ஆறு கடலைவிட உயரமாக நின்றது. அதற்கு முன்பு நான் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. ஆற்றுத் தண்ணீர் இடது பக்கம் திட்டின் விளிம்புவரை நிற்க, வலது பக்கம் கடல் ஓர் ஆள் மார்பளவுக்குக் கீழே கிடக்கிறது. நடுவில் வெறும் மணல்.

எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கிழக்கே ஓடினோம். குழிக்கு இன்னும் நூறடி இருக்கும்போது அது நடந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. குழியின் முனையில் இருந்த மணல் ஈரமாகி, பளபளத்து, பாய் சுருட்டுவது போல் கடல் பக்கம் சரிந்தது. முதலில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. தாண்டிவிடலாம் என்று அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அது ஒரு தெரு அகலம் ஆகிவிட்டது. சூசையின் வள்ளம் கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் கண் முன்னால் வந்து, அலையில் நிமிர்ந்து, கவிழ்ந்தது. சூசை தண்ணீரில் பாயப் போனார். அண்ணன் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"விடும் சாரே! எனக்க வள்ளம்!"

"நீரு போனா வள்ளம் வருமா ஓய்?"

மேற்கே வாய், கிழக்கே இந்த உடைப்பு. நாங்கள் நின்ற இடம் தீவாகிவிட்டது. இரண்டு பக்கமும் மணல் கட்டி கட்டியாக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் காலுக்குக் கீழே அதிர்வு தெரியும். மேடான இடத்துக்கு நகர்ந்தோம். பிறகு நகர இடம் இல்லை. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் ஜெபம் பண்ணப் பார்த்தேன். தினமும் சொல்லும் ஜெபத்தின் முதல் வரிகூட ஞாபகம் வரவில்லை. அண்ணன் என் தலையில் கை வைத்து, "உன்னைக் கூட்டியாந்தேனே, உன்னைக் கூட்டியாந்தேனே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிழக்குக் கரையில் குடை தெரிந்தது. வேலப்பனும் அவரோடு பத்துப் பதினைந்து ஆட்களும். கரைமடி வலை இழுக்கிற தடித்த வடத்தைத் தோளில் போட்டு ஓடிவந்தார்கள். எங்களை விரட்ட வருகிறார்கள் என்றுகூட ஒரு கணம் எனக்குத் தோன்றியது. பயம் மனதை அவ்வளவு கெடுத்திருந்தது.

நேராக வீசினால் வடம் எட்டாது. அவர்கள் ஆற்றோரமாக மேலே போய், வடத்தின் நுனியில் வலையின் மிதப்புக் கட்டைகளைக் கட்டி நீரோட்டத்தில் விட்டார்கள். முதல் தடவை அது எங்களைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது. இழுத்து மறுபடி விட்டார்கள். மறுபடியும் போனது. மூன்றாவது தடவை சூசை தண்ணீரில் இறங்கிக் கட்டையைப் பிடித்துவிட்டார். வடத்தின் நடுவே என் இடுப்பில் முடிச்சுப் போட்டார். வடத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ள மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"டீச்சர், மூச்சைப் பிடிச்சுக்கோங்கோ. வடத்தை மட்டும் விட்டுராதீங்கோ."

நான் மாட்டேன் என்று அழுதேன். அண்ணன் என்னைத் தள்ளிவிட்டார்.

தண்ணீருக்குள் இருந்தது எவ்வளவு நேரம் என்று தெரியாது. புடவை காலைச் சுற்றிக் கட்டிப் போட்டது. வாய் நிறைய மணல். கடல் என்னை ஒரு பக்கம் இழுக்க, வடம் இடுப்பை அறுத்தது. அப்புறம் யாரோ ஒரு பெண் என் முடியைப் பிடித்து மேலே இழுத்தாள். அது சூசையின் மனைவி. அடுத்து அண்ணனை இழுத்தார்கள். கடைசியில் சூசை வந்தார். சங்கிலியும் கொடிக்கம்பும் அங்கேயே போயின. நாங்கள் நின்ற மேடு சாயங்காலத்துக்குள் இல்லாமல் போய்விட்டது.

கரையில் ஒரு வீட்டில் உலர்ந்த துணி கொடுத்து, மரச்சீனிக் கிழங்கும் மீனும் வைத்தார்கள். வேலப்பன் வாசலில் குந்தியிருந்தார். அண்ணன் வெளியே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீரு காலையிலயே சொன்னீரு. நான்தான் தப்பா நினைச்சேன்."

வேலப்பன் கையை இழுத்துக்கொண்டார். "நான் வெள்ளம் வருகுண்ணு சொன்னேன் சாரே. குழி உடையும்ணு சொல்லல்ல. ஒரு மாசமா அந்தக் குழி எப்பம் உடையுமோண்ணு பாத்துட்டேதான் இருந்தேன். சொன்னா குத்தகை போவும். இத்தனை பேருக்க வேலை போவும். நீங்க இண்ணைக்குத் திரும்பிப் போயிருந்தா நாளைக்கு நிரத்திருப்பேன்."

அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் எங்களுக்கு உயிரைக் கொடுத்தவர். கிட்டத்தட்ட எடுத்தவரும் அவர்தான். "நான் முப்பத்தெட்டு அடிண்ணு எழுதத்தான் செய்வேன்" என்றார் அண்ணன், மெதுவாக.

"எழுதுங்கோ. எழுதாண்டாம்ணு சொல்லத்தான் வந்தேன். வாய் வரல்ல."

அண்ணன் எழுதினார். பொழியிலிருந்து இரண்டு பர்லாங்குக்குள் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று உத்தரவாகிக் கல் நாட்டினார்கள். குத்தகை ரத்தாகி வேறு ஆளுக்கு, ஆற்றில் மேலே தள்ளிக் கொடுத்தார்கள். சூசையின் மனைவிக்கும் மற்றப் பெண்களுக்கும் அங்கே வேலை கிடைக்கவில்லை. ஓலை முடையப் போனார்கள். அண்ணனும் நானும் சேர்ந்து சூசைக்கு ஒரு பழைய வள்ளம் வாங்கிக் கொடுத்தோம். வேலப்பன் என்ன ஆனார் என்று விசாரித்தேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் கல்வெட்டாங்குழி ஒன்றில் மேஸ்திரியாக இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே குழி எப்படி இருக்கிறதோ!

இனி போகிறவர்களுக்கு. தை, மாசி நல்ல மாதங்கள். காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோக வேண்டும்; அங்கே கிணறு உப்பு. சுசீந்திரம் பாலத்தில் ஆறு சிவந்திருந்தால் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். புதிதாகத் தோண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள், காய்ந்து கிடந்தாலும்.

நான் அடுத்த தையில் இருபது பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். கிழக்குக் கரையில் நின்று, இது ஆறு, அது கடல், நடுவில் இருப்பது பொழி என்று காட்டினேன். பாடத்தில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பிள்ளை, "டீச்சர், அதுக்க மேல நடந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். தண்ணீர் வற்றி, உடைப்பை அலை மறுபடி மணலால் மூடியிருந்தது. ஆட்கள் குறுக்கே நடந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் கை அதற்குள் அவள் பாவாடையைப் பிடித்திருந்தது.