சூடாச்சா சார்?
வெந்நீர் அண்டா கவிழ்ந்து முதுகு வெந்து, பெங்களூர்க் குளிரில் ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தேன். கட்டு மாற்ற வருகிற வழுக்கைத் தலைக்காரர் முதலில் தன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்ப்பார். வேகாத என் தோளில் வைத்து, "சூடாச்சா சார்? தோலு போன எடத்துல குளிர் தாங்காது" என்பார். தினமும் இதே கேள்வி. எனக்கு எரிச்சல்.

"உங்க கை சூடு உங்களுக்கே தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

கைகளை என் முகத்தருகே விரித்தார். ரேகையே இல்லாமல் வழவழவென்று தழும்பு.

"முன்னால சுரங்கத்துல வேல பாத்தப்ப பாய்லர் நீராவி பட்டது. தோலு திரும்ப வந்துச்சு, உணர்ச்சி வரல. நீங்கதான் சொல்லணும்."

சீக்கிரம் முடியட்டுமென்று, ஜில்லென்றிருந்த கைக்கே எத்தனை நாள் "ஆச்சு, ஆச்சு" என்றிருக்கிறேன்! அவரோ என் தோலை நம்பியிருந்தார்.