காற்று வரும் படுக்கை

எங்கள் ஊர்ப் பொத்தைக் குன்றைப் படம் எடுக்க இப்போது கார் பிடித்து வருகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்த பாறைகள், நடுவில் குகை, குகைக்குள் வழவழவென்று செதுக்கிய கல் படுக்கைகள். வாசலில் நின்றால் கீழே தாமிரபரணி வளைந்து போவதும் அதன் இரு கரையிலும் வயலும் வாழையும் விரிந்து கிடப்பதும் தெரியும். அந்தப் படங்களை எனக்கும் யாராவது அனுப்பிவிடுகிறார்கள். எதிலும் பொத்தையின் பின்பக்கம் இருப்பதில்லை. பின்பக்கம் கல்குவாரி. அப்பா அங்கேதான் வேலை பார்த்தார்.

வெடி வைப்பதற்காகப் பாறையில் மிஷினால் குழி போடுவது அவர் வேலை. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் திரும்பும்போது புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். குளித்தால் மறுபடி கறுத்துவிடும். எல்லா அப்பாக்களும் இப்படித்தான் தினமும் கிழவனாகி வீட்டுக்கு வருவார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

குவாரிக்காரர்களுக்குக் கருப்பட்டிதான் மருந்து. தூசி எவ்வளவு உள்ளே போனாலும் கருப்பட்டி அதை இழுத்துக்கொண்டு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று எங்கள் தெருவே நம்பியது. அம்மா வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்க மாட்டாள். அப்பாவுக்கு இருமல் கூடக் கூட, அவள் உடைத்துக் கொடுக்கும் துண்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அப்பாவால் வீட்டில் மல்லாந்து படுக்க முடியாமல் ஆனது. படுத்தால் மூச்சு முட்டும். ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு லீவு. காலையிலேயே புறப்பட்டு, பாறைக்குப் பாறை உட்கார்ந்து உட்கார்ந்து, எப்படியோ குகைக்கு ஏறிவிடுவார். வாசலை ஒட்டிய படுக்கையில் தலைமாடு திண்டு போல உயர்ந்திருக்கும். ஆற்றுக்காற்று நேராக அங்கே வரும். அதில் சாய்ந்தால்தான் அவருக்குக் கொஞ்சம் கண் அசரும். ஊரில் அந்தக் குகைக்குப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று பேர்.

"நாம படுக்கது நகுலன் எடம்லே. பீமன் படுக்கையில கெடந்தேன்னா என்னையத் தேடித்தான் எடுக்கணும்" என்பார். அவர் சட்டை கொடியில் காயப் போட்டதுபோல அவர் மேல் தொங்கும். அம்மா தாளில் மடித்துத் தரும் கருப்பட்டியை நான்தான் மேலே கொண்டுபோவேன். அதில் பாதி எனக்கு வரும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுணிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே ஏறி வந்தார். படுக்கையில் ஆள் கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்னவே, காலையிலேயே ஊத்தியாச்சா? சமண முனிவருங்க தவம் இருந்த எடம்வே இது. எந்திச்சு அந்தால போம்."

அப்பா எழுந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. பாறையில் கையை ஊன்றிக் குனிந்து இருமினார். கால் தடுமாறியது.

"நிக்கவே முடியல, பாத்தீரா" என்றார் இன்னொருவர்.

"எங்கப்பா குடிக்க மாட்டாரு" என்று கத்தினேன். குகைதான் அதைத் திருப்பிச் சொன்னது. அப்பா வெளியே போய் வெயிலில் நின்றார். "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும், படத்துல விழுதீரு" என்று ஒருவர் செல்போனை நீட்டியபடி மரியாதையாகவே சொன்னார். அப்பா இன்னும் தள்ளி நின்றார். கண்ணாடிக்காரர் அப்பா படுத்திருந்த இடத்தில் தானே படுத்து, கண்ணை மூடி, முனிவர் மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் இறங்கிப்போன பிறகு அப்பா மறுபடி சாய்ந்தார். துண்டால் வாயைத் துடைத்து, துடைத்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்த வாரம்தான் அறிவியல் டீச்சர் போர்டில் படம் போட்டிருந்தார்.

"யப்பா, கருப்பட்டி தின்னா தூசி போவாதாம். சோறு எறங்குத கொழா வேற, மூச்சுக் கொழா வேற, டீச்சர் படம் போட்டுக் காட்டுனாவ. தூசி நெஞ்சுக்குள்ள இருக்கு, கருப்பட்டி வயித்துக்குல்லா போவுது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"டாக்டரும் நெஞ்சுப் படத்தத்தாம்லே காட்டுனாரு" என்றார். பிறகு, பைய, "அம்மைட்ட சொல்லிராதய்யா" என்றார்.

அன்று முழுக் கருப்பட்டியையும் என்னிடமே தந்துவிட்டார். டாக்டர் சொன்னதும் நான் படித்ததும் ஒன்று என்ற பெருமை எனக்கு. அம்மாவுக்குத் தெரிந்தால் கருப்பட்டி நின்றுபோகும், இனிப்பை விட மனசில்லாமல்தான் அப்பா இப்படிச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், அப்பா போன அன்று காலை, அம்மா கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து அவர் வாயில் கரண்டியால் ஊற்றினாள். அது கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். அவர் அடங்கிய பிறகும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டு குழாய்களும் எங்கே பிரிகின்றன என்று நன்றாகத் தெரியும். மருந்து யாருக்கு என்றுதான் அன்று தெரியவில்லை.