தரையில் சாய்ந்த கண்ணாடி

அன்று காலை நான் முதலில் பார்த்தது கண்ணாடியைத்தான். அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வேங்கிக்கால் பால்வாடிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது அந்தக் கண்ணாடி எப்போதும் தரையில், சுவரோடு சாய்ந்து, பிள்ளைகளின் உயரத்தில் இருக்கும். வசந்தா டீச்சர் வந்ததும் செய்கிற முதல் வேலை அதை இறக்கி வைப்பது. தங்கை ஷமீமின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஆயா அடுப்பு மூட்டாமல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் போயிட்டாங்கம்மா. நேத்து சாயந்திரம் நெஞ்சு வலின்னாங்க. வேலூருக்குக் கூட்டிட்டுப் போற வழியிலயே..." என்றார்.

ஷமீமைத் திருப்பி அழைத்துப் போனேன். கண்ணாடி ஏன் மேலே இருக்கிறது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

டீச்சருக்கான இரங்கல் கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதிக் கொடு என்று ஆயா கேட்டார். அதனால் எழுதுகிறேன். படிப்பவர் வேறு யாராவதாக இருக்கட்டும். பிள்ளைகளை அங்கே விட்ட உங்களுக்கு டீச்சரைத் தெரியும். குரல் கொஞ்சம் ஜாஸ்தி. கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றது ஷமீமைப் பார்த்துக்கொள்ளத்தான். அம்மாவை நாங்கள் அம்மி என்போம்; அவர் வீட்டில் பீடி சுற்றுவார், அப்பாவுக்கு சைக்கிள் கடை. ஷமீம் பால்வாடியில் சேர்ந்த பிறகு காலை நேரம் எனக்குக் கிடைத்தது. அந்த நேரத்துக்குத் தையல் வகுப்பில் சேர்ந்தேன். அவள் பால்வாடி நின்றால் என் தையலும் நின்றுவிடும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

அப்போதெல்லாம் பிள்ளையைப் படியில் விட்டுவிட்டுத் தாய்மார் போய்விட வேண்டும். உள்ளே டீச்சரும் ஆயாவும் பிள்ளைகளும் மட்டும். டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைப்பார். ஷமீம் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவள் நெற்றியிலும் பொட்டு வந்துவிட்டது. அவள் அதை அழியாமல் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினாள். அப்பா சத்தம் போடவில்லை. துண்டை நனைத்துத் துடைத்தார். "நாளைலேருந்து அனுப்ப வேணாம்" என்றார். மறுநாள் நான் தையலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

பிறகு ஒரு மாலை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தெரியாம வெச்சுட்டேன்னு சொல்ல மாட்டேம்மா. ஷமீம்னு பேரு எழுதினதே நான்தான். வரிசையில வந்து நெத்தியத் தூக்கிக் காட்டினா, கை தானா போயிடுச்சு" என்றார் டீச்சர்.

"அவளே கேட்டிருப்பா. கண்ணாடின்னா போதும் அவளுக்கு" என்றார் அம்மி.

"அவ கேப்பா. வீட்டுல நான் கேட்டிருக்கணும். சரி, உங்க வீட்டுல முகம் கழுவி விட்டப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"சுர்மா போடுவோம். கண்ணுக்கு."

"அப்ப நாளைக்கு வந்து நீங்களே போட்டு விடுங்க."

"உள்ள வந்தா?"

"பின்ன? படியில நின்னு போட்டா கண்ணுல குத்திடும்."

அப்பா கடையிலிருந்து வரும்வரை உட்கார்ந்திருந்து, அவரிடமும் அதையே சொன்னார். அப்பா அம்மியைக் காட்டினார். "இவ கூடப் போனா சரி" என்றார்.

மறுநாள்தான் கண்ணாடி தரைக்கு வந்தது. எல்லாத் தாய்மாரையும் டீச்சர் உள்ளே கூப்பிட்டார். "முகம் கழுவுறது என் வேலை. நெத்தி உங்க வீட்டு வேலை" என்றார். ஒருவர் விபூதி பூசினார், ஒருவர் கன்னத்தில் மை வைத்தார். ஒரு அம்மா மட்டும், "என்ன டீச்சர், இது பால்வாடியா பியூட்டி பார்லரா?" என்று கேட்டார். "பார்லர்ல காசு கேப்பாங்க. நாம முட்டை குடுக்கறோம் இல்ல, நீ உக்காரு" என்றார் டீச்சர். அவரும் உட்கார்ந்தார். அன்று பேச்சு முடிந்து அவர்கள் எழுந்து போகவே நேரமானது என்று அம்மி சொன்னார்.

கட்டட வேலைக்கு ஆந்திராவிலிருந்து வந்த லட்சுமம்மாவுக்கு மட்டும் உட்கார நேரமிருக்காது. ஒருநாள் பொட்டு டப்பாவை அம்மியின் மடியில் போட்டார். "நீயே வெச்சுடு அக்கா, மேஸ்திரி கத்துவான்" என்று சொல்லிவிட்டு ஓடினார். அம்மி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாராம். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார், வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் அம்மி அந்தப் பிள்ளைக்குப் பொட்டு வைத்தார். அப்போதுதான் டீச்சர் வாய் திறந்தார்: "கொஞ்சம் மேல வைம்மா. அவங்க வீட்டுல மேல வெப்பாங்க." இதை அம்மி வீட்டில் சொன்னபோது அப்பா, "நேரா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மி போக முடியாத நாட்களில் ஷமீமை நான் விடுவேன். ஆனால் உள்ளே போனதில்லை. அத்தனை பேர் முன்னால் என்னால் முடியாது. சுர்மாக் குப்பியைப் படியிலேயே கொடுத்துவிடுவேன், உள்ளே யாராவது போட்டுவிடுவார்கள். ஒருமுறை ஷமீமுக்குக் காய்ச்சல், அதைச் சொல்லத் தனியாகப் போனேன். வார்த்தை வரவில்லை. என் நெற்றியில் புறங்கையை வைத்துக் காட்டினேன். டீச்சர் சிரித்தார். "ஜுரமா? சரி. வாய் வராட்டி என்ன, கையால சொல்லிட்ட. என்னைக்காவது உள்ள வா, உன்னை யாரும் முழுங்கிட மாட்டோம்" என்றார். அவர் இருந்தவரை நான் போகவில்லை.

டீச்சருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தக் கண்ணாடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது தெரியும். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

பால்வாடியை மறுபடி திறந்த அன்று வேறு ஊரிலிருந்து ஒரு டீச்சரை அனுப்பியிருந்தார்கள். நல்லவராகத்தான் தெரிந்தார். கண்ணாடி ஆணியிலேயே இருந்ததால் தாய்மார் பிள்ளைகளைப் படியில் விட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். அம்மி வரவில்லை. புது டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முகம் கழுவினார். அலமாரியிலிருந்து பொட்டு டப்பாவை எடுத்துத் திறந்தார். ஷமீம் நெற்றியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இவள் பொட்டோடு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய், கண்ணாடியை ஆணியிலிருந்து இறக்கி, தரையில் சுவரோடு சாய்த்து வைத்தேன். அதன் முன்னால் உட்கார்ந்து, ஷமீமை மடிக்கு இழுத்து, சுர்மாக் குப்பியைத் திறந்தேன்.